நீதிபதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்வது எப்படி? 93 நீதிபதிகளின் பின்னணியைத் தேடிய அமெரிக்கப் பேராசிரியரின் கதை

உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னால் அது அன்றைய தலைப்புச் செய்தி. தீர்ப்பில் என்ன இருக்கிறது, யாருக்குச் சாதகம், யாருக்குப் பாதகம் என்று நாள் முழுக்க விவாதம் நடக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி யார்? எந்த ஊர்? எந்தக் குடும்பப் பின்னணி? அவரை யார், எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு இந்தியாவில் பல பத்தாண்டுகளாக ஒழுங்கான பதிவே கிடையாது.

அந்தப் பதிவை உருவாக்குவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஒரு அமெரிக்கர். பெயர் ஜார்ஜ் எச். காட்பாய்ஸ். வக்கீல் கிடையாது, நீதிபதியும் கிடையாது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியர். இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் 40 ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிற யாரும் இன்றைக்கும் அவருடைய ஆய்வைத் தொடாமல் போக முடியாது.

கொலீஜியம், நீதிபதிகள் நியமனம், சமூகப் பிரதிநிதித்துவம் என்று இப்போது நடக்கிற விவாதங்களைப் புரிந்துகொள்ளவும் இவருடைய வேலை உதவும். விவரமாகப் பார்க்கலாம்.

யார் இந்த காட்பாய்ஸ்?

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு இந்திய உச்ச நீதிமன்றம். அப்போது அந்த நீதிமன்றத்துக்கு வயது வெறும் பத்து, பன்னிரண்டுதான். 1950 ஜனவரி 28-ல் தொடக்க விழா நடந்தது. 1958 வரை அதற்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை, நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒரு பகுதியில்தான் இயங்கியது.

இந்த நீதிமன்றம் எங்கிருந்து வந்தது என்று காட்பாய்ஸ் முதலில் தேடினார். அதற்கு முன்னோடியாக 1937-ல் தொடங்கிய கூட்டாட்சி நீதிமன்றம் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்தது அது. அதில் ஆரம்பத்தில் மூன்றே நீதிபதிகள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன எஸ். வரதாச்சாரியார் 1939-ல் அங்கே நீதிபதியானார்.

இந்தியாவுக்கென்று ஒரு உச்ச நீதிமன்றம் வேண்டும் என்ற யோசனை அதற்கும் முந்தையது. 1921-லேயே ஹரி சிங் கவுர் இந்தக் கோரிக்கையை மத்திய சட்டமன்றத்தில் எழுப்பினார். இந்த வரலாற்றைத் தொகுத்து காட்பாய்ஸ் எழுதிய கட்டுரை 1963-ல் இந்தியச் சட்ட இதழ் ஒன்றில் வெளியானது. 1965-ல் அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது.

தீர்ப்பைப் படித்தால் போதாதா, நீதிபதியை எதற்குப் படிக்கணும்?

நியாயமான கேள்விதான். சட்டக் கல்லூரிகளில் பொதுவாகத் தீர்ப்பைத்தான் பாடமாக நடத்துவார்கள். அரசியலமைப்பின் எந்தப் பிரிவு, அதற்கு நீதிமன்றம் என்ன பொருள் சொன்னது என்பதே அங்கே முக்கியம். தீர்ப்பை எழுதியவர் யார் என்பது பொருட்டே இல்லை.

அமெரிக்காவில் 1940-களிலிருந்து இன்னொரு பார்வையும் வளர்ந்தது. நீதிபதியும் மனிதர்தான். ஒரே சட்டத்தை இரண்டு நீதிபதிகள் வேறு வேறு மாதிரி வாசிக்கிறார்கள் என்றால், அதற்கு அவர்களுடைய வளர்ப்பு, அனுபவம், அரசியல் பார்வை எல்லாம் காரணமாக இருக்கலாம் இல்லையா? சி. ஹெர்மன் பிரிட்செட் என்ற அரசியல் அறிவியலாளர், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் யார் யாரோடு சேர்ந்து வாக்களிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து 1948-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

அந்த முறையைத்தான் காட்பாய்ஸ் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அது இங்கே அப்படியே செல்லுபடியாகவில்லை. அமெரிக்காவில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொரு வழக்கையும் கேட்பார்கள். யார் எந்தப் பக்கம் என்று எண்ணுவது சுலபம். இந்தியாவில் பெரும்பாலான வழக்குகளை இரண்டு அல்லது மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வுதான் விசாரிக்கும். அதிலும் மாறுபட்ட தீர்ப்பு என்பது அபூர்வம். கிட்டத்தட்ட எல்லாமே ஒருமனதான தீர்ப்புகள்.

அதனால் வாக்குகளை எண்ணி நீதிபதியைப் புரிந்துகொள்ளும் முயற்சி இங்கே ஓரளவுக்கு மேல் கைகொடுக்கவில்லை. வேறு வழி வேண்டியிருந்தது.

1973-ல் என்ன நடந்தது?

நீதிபதி யார் என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதை நாட்டுக்கே காட்டியது 1973 ஏப்ரல் மாதம்.

ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்தது. 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு. 7-க்கு 6 என்ற கணக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றத்தால் மாற்ற முடியாது என்று முடிவானது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் இந்திய அரசியலமைப்பின் வரலாறே வேறு.

அடுத்த ஓரிரு நாட்களில், பணிமூப்பில் முன்னால் இருந்த ஷெலட், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று பேரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். அந்த மூன்று பேரும் அரசுக்கு எதிரான பெரும்பான்மைத் தீர்ப்பில் இருந்தவர்கள். ரே அதில் மாறுபட்டவர். மூவரும் பதவி விலகினார்கள்.

இந்த முடிவை நாடாளுமன்றத்தில் ஆதரித்துப் பேசியவர் மோகன் குமாரமங்கலம். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், அப்போது இந்திரா காந்தி அமைச்சரவையில் இருந்தார். தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய சமூகக் கண்ணோட்டத்தையும் அரசு கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய வாதம்.

1977 ஜனவரியில் இதே கதை மீண்டும் நடந்தது. நெருக்கடி நிலை காலத்தில், ஆட்கொணர்வு மனு வழக்கில் தனி ஒருவராக மாறுபட்ட தீர்ப்பு எழுதிய எச்.ஆர். கன்னாவைத் தாண்டி எம்.எச். பெய்க் தலைமை நீதிபதியானார். கன்னா பதவி விலகினார்.

ஆக, அரசாங்கம் நீதிபதிகளின் பின்னணியையும் பார்வையையும் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. மக்களுக்குத்தான் அந்தத் தகவல் கிடைக்கவில்லை.

நேரில் போய்க் கேட்ட பேராசிரியர்

நீதிபதி நியமனம் பற்றிய கோப்புகள் வெளியே வராது. அமெரிக்காவில் மாதிரி, நியமிக்கப்படுபவரை எம்.பி.க்கள் பொது விசாரணையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் வழக்கமும் இங்கே இல்லை. அப்படியென்றால் தகவல் யாரிடம் இருக்கும்? நீதிபதிகளிடம்தான்.

1980-களில் காட்பாய்ஸ் செய்தது இதைத்தான். ஓய்வுபெற்றவர்கள், பதவியில் இருந்தவர்கள் என 60-க்கும் மேற்பட்ட உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நேரில் பார்த்தார். சிலரைப் பல முறை சந்தித்தார். மொத்த நேர்காணல்கள் நூறைத் தாண்டும். தலைமை நீதிபதிகளாக இருந்தவர்களும் பேசினார்கள். உங்களை யார் பரிந்துரைத்தார்கள், உங்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், சக நீதிபதிகளோடு உறவு எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்டார். பேசியதைத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டார்.

இந்த உழைப்பு புத்தகமாக வந்தது 2011-ல்தான். 1950 முதல் 1989 வரை நியமிக்கப்பட்ட 93 நீதிபதிகளைப் பற்றியும் அதில் தனித்தனிக் கட்டுரைகள் இருக்கின்றன. பிறந்த இடம், குடும்பம், படிப்பு, வக்கீல் தொழில், நியமனம் நடந்த விதம், ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார் என்பது வரை. முனைவர் பட்டத்துக்கும் இந்தப் புத்தகத்துக்கும் இடையே 46 ஆண்டுகள்!

காட்பாய்ஸ் 2017-ல் காலமானார். அவருடைய பழைய முனைவர் பட்ட ஆய்வேடு அதற்குப் பிறகு தனிப் புத்தகமானது.

அவர் கண்டுபிடித்தது என்ன?

முதல் விஷயம், எழுதப்படாத விதிகள். அரசியலமைப்பின் 124-வது பிரிவு, உச்ச நீதிமன்ற நீதிபதியாக என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிறது. ஐந்து ஆண்டு உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்திருக்க வேண்டும், அல்லது பத்து ஆண்டு உயர் நீதிமன்ற வக்கீலாக இருந்திருக்க வேண்டும், அல்லது குடியரசுத் தலைவரின் கருத்தில் சிறந்த சட்ட அறிஞராக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நடைமுறையில் வேறு கணக்குகளும் உண்டு. எந்த மாநிலத்துக்கு ஆள் இல்லை, முஸ்லிம் நீதிபதி ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த இடத்துக்கு யார், உயர் நீதிமன்றத்தில் பணிமூப்பு என்ன என்பதெல்லாம் பார்க்கப்பட்டன. சட்டத்தில் ஒரு வரிகூட இல்லாத இந்த வழக்கங்களை காட்பாய்ஸின் ஆய்வு ஆதாரத்தோடு பதிவு செய்தது.

இரண்டாவது, சமூகப் பின்னணி. முதல் 40 ஆண்டுகளில் நியமிக்கப்பட்ட இந்து நீதிபதிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் முற்பட்ட சாதியினர். பிராமணர்கள் மட்டுமே பத்துக்கு நான்கு பேர். வசதியான, ஏற்கெனவே சட்டத் துறையில் காலூன்றிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நிறைய.

முதல் தலித் நீதிபதி வர 30 ஆண்டுகள் ஆயின. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஏ. வரதராஜன் 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். முதல் பெண் நீதிபதி வர கிட்டத்தட்ட 40 ஆண்டுகள். 1989 அக்டோபரில் கேரளத்தின் ஃபாத்திமா பீவி பதவியேற்றார். பின்னாளில் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தவர் இவர்.

மூன்றாவது, யார் கை ஓங்கியிருந்தது என்பது. நேரு காலத்தில் தலைமை நீதிபதி சொன்ன பெயருக்குப் பெரும் மதிப்பு இருந்தது. 1970-களில் அரசின் கை ஓங்கியது. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதை, அதில் சம்பந்தப்பட்ட நீதிபதிகளின் வாயிலாகவே அவர் பதிவு செய்தார்.

நேர்காணல்களை முழுசா நம்பலாமா?

நம்பக்கூடாது என்பதில்லை, ஆனால் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நீதிபதி தன்னைப் பற்றிச் சொல்லும்போது நல்லவிதமாகத்தான் சொல்வார். பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நினைவிலிருந்து சொல்லும்போது தவறு வரலாம். சக நீதிபதி மேல் இருக்கும் மனக்கசப்பும் பேச்சில் கலந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நேர்காணல் குறிப்புகளை காட்பாய்ஸ், மும்பை வழக்கறிஞரும் ஆய்வாளருமான அபினவ் சந்திரசூட்டிடம் கொடுத்தார். அவற்றை வைத்து அபினவ் எழுதிய புத்தகம் 2018-ல் வந்தது. நீதிபதிகள் ஒருவரைப் பற்றி ஒருவர் மனம்விட்டுச் சொன்ன பல விஷயங்கள் அதில் இருந்தன. பேசியவர்களில் பலர் அப்போது உயிரோடு இல்லை. தனிப்பட்ட முறையில் சொன்னதை இத்தனை காலம் கழித்து வெளியிடலாமா என்ற கேள்வி இதில் இருக்கத்தான் செய்கிறது. அபினவ், முன்னாள் தலைமை நீதிபதிகளான ஒய்.வி. சந்திரசூட்டின் பேரன், டி.ஒய். சந்திரசூட்டின் மகன் என்பதும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்.

ஆனாலும், அதிகாரபூர்வமான ஆவணம் எதுவும் திறக்கப்படாதபோது, ஆய்வாளர்களுக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, தேதிகளைச் சரிபார்ப்பது, அன்றைய செய்திகளோடு வைத்துப் பார்ப்பது, இப்படித்தான் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நேர்காணல்கள் எடுத்ததன் பயனும் இங்கேதான். ஒருவர் மறைத்ததை இன்னொருவர் சொல்லிவிடுவார்.

கொலீஜியம் வந்த பிறகு வெளிப்படைத்தன்மை வந்ததா?

1981 டிசம்பரில் வந்த முதல் நீதிபதிகள் வழக்குத் தீர்ப்பு, நியமனத்தில் அரசுக்கே இறுதி வார்த்தை என்றது. காட்பாய்ஸ் நேர்காணல் எடுத்தது அந்தக் காலத்தில்தான். 1993-ல் வந்த இரண்டாவது தீர்ப்பு அதைத் தலைகீழாக மாற்றியது. தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் முறை பிறந்தது. அந்த வழக்கில் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன் தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பெண்கள் போன்றோருக்கு நீதித்துறையில் போதிய இடம் இல்லை என்பதை அதில் சுட்டிக்காட்டினார். 1998-ல் மூன்றாவது தீர்ப்பு கொலீஜியத்தை ஐந்து பேர் கொண்டதாக விரிவாக்கியது.

அதிகாரம் அரசிடமிருந்து நீதிபதிகளிடம் வந்தது. கதவு மட்டும் மூடியேதான் இருந்தது.

இதை மாற்ற நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையச் சட்டத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் ரத்து செய்தது. அந்த ஒற்றை மாறுபட்ட குரல் நீதிபதி செலமேஸ்வருடையது. கொலீஜியத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை என்பது அவருடைய முக்கியமான குற்றச்சாட்டு.

அதன் பிறகு கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 2017 அக்டோபர் முதல் கொலீஜியத்தின் தீர்மானங்கள் இணையதளத்தில் வெளியாகத் தொடங்கின. 2019 நவம்பரில், தலைமை நீதிபதி அலுவலகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2025 மே மாதம், நீதிபதிகளின் சொத்து விவரங்கள் வெளியாயின. அதோடு, 2022 நவம்பர் முதல் உயர் நீதிமன்றங்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டவர்களின் பட்டியலும் வந்தது. அவர்கள் பட்டியல் சாதியினரா, பழங்குடியினரா, பிற்படுத்தப்பட்டோரா, சிறுபான்மையினரா, பெண்ணா என்ற விவரம் அதில் இருந்தது. வேறு நீதிபதிகளுக்கு உறவினரா என்ற விவரமும் இருந்தது!

காட்பாய்ஸ் வீடு வீடாகப் போய்த் தேடிய தகவல்களில் ஒரு பகுதியை இப்போது நீதிமன்றமே தன் இணையதளத்தில் போடுகிறது. ஆனால் ஒருவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், இன்னொருவரை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்ற விவாதம் இன்னும் பெரும்பாலும் அறைக்குள்ளேதான்.

பேராசிரியர் நீதிபதியாக முடியுமா?

சட்டப்படி முடியும். 124-வது பிரிவில் 'சிறந்த சட்ட அறிஞர்' என்ற வழி அதற்காகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு பேராசிரியர் ஃபெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் 1939-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். இந்தியாவில் 1950-லிருந்து இன்றுவரை ஒருவர்கூட அந்த வழியில் நியமிக்கப்படவில்லை. வக்கீலாக இருந்து நேரடியாக உச்ச நீதிமன்றம் போன முதல் ஆளே 1964-ல்தான் வந்தார். அவர் எஸ்.எம். சிக்ரி.

அதனால் சட்டப் பேராசிரியர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே நின்றுதான் அதன் மேல் தாக்கம் செலுத்தியிருக்கிறார்கள். இதற்கு நல்ல உதாரணம் உபேந்திர பக்ஷி. மதுரா என்ற பழங்குடிப் பெண்ணின் பாலியல் வன்கொடுமை வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அதைக் கண்டித்து 1979-ல் அவரும் லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகியோரும் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடு முழுக்கப் போராட்டம் வெடித்தது. 1983-ல் பாலியல் வன்கொடுமைச் சட்டமே திருத்தப்பட்டது.

இன்றைக்கு இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு என்ன இருக்கு?

காட்பாய்ஸ் காலத்தைவிட நிலைமை எவ்வளவோ மேல். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இணையத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம். அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையாகின்றன. எந்த நீதிமன்றத்தில் எத்தனை வழக்கு தேங்கியிருக்கிறது என்பதைத் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சட்டம் படித்தவர்கள் மட்டும்தான் இதைச் செய்ய முடியும் என்றும் இல்லை. காட்பாய்ஸ் மாதிரி அரசியல் அறிவியல் படித்தவர்கள், புள்ளியியல், பொருளாதாரம், வரலாறு படித்தவர்கள் எல்லோருக்கும் இங்கே வேலை இருக்கிறது. உயர் நீதிமன்றங்களைப் பற்றிய ஆய்வுகள் உச்ச நீதிமன்றத்தோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. சாதாரண மக்கள் படியேறும் மாவட்ட நீதிமன்றங்களைப் பற்றி இன்னும் குறைவு.

2021 ஆகஸ்ட் 31-ல் ஒரே நாளில் மூன்று பெண்கள் உச்ச நீதிமன்ற நீதிபதிகளாகப் பதவியேற்றார்கள். அதோடு சேர்த்தால்கூட 1950-லிருந்து அதுவரை அங்கே வந்த பெண் நீதிபதிகள் மொத்தம் 11 பேர்தான். தமிழ்நாட்டின் ஆர். பானுமதி அவர்களில் ஒருவர். இப்படி எண்ணிப் பார்த்துச் சொல்ல யாராவது இருந்தால்தான், நிலைமை மாறியிருக்கிறதா இல்லையா என்பதே நமக்குத் தெரியவரும்.